வைட்டமின் கே: பிறந்த குழந்தையின் ஊசி முதல் வால்வு நோயாளியின் சாப்பாட்டு இலை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைட்டமின் கே என்பது என்ன? அந்தக் ‘கே’ எங்கிருந்து வந்தது?

ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாக வந்த பெயர்கள் திடீரென்று கே எழுத்துக்குத் தாவியதற்கு ஒரு காரணம் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் டாம் என்ற உயிர்வேதியியலாளர், கோழிக்குஞ்சுகளால் கொலஸ்ட்ராலைத் தாமாக உருவாக்கிக்கொள்ள முடியுமா என்று அறிவதற்காக, அவற்றுக்குக் கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் கொடுத்து வளர்த்தார். சில வாரங்களில் குஞ்சுகளுக்குத் தோலுக்கடியிலும் தசைகளிலும் ரத்தம் கசிந்தது. எடுத்த ரத்தமும் உறையத் தாமதமானது. 1929-இல் வெளியான இந்தக் கவனிப்பைத் தொடர்ந்து, அதுவரை அறியப்பட்ட எந்த வைட்டமினைக் கொடுத்தும் அந்தக் கசிவு நிற்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, புதிய பொருள் ஒன்று இருக்கிறது என்று 1935-இல் அவர் அறிவித்தார். ஜெர்மன், டேனிஷ் மொழிகளில் ‘உறைதல்’ என்னும் சொல் கே எழுத்தில் தொடங்குவதால் அந்த எழுத்தே பெயராயிற்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாய்சி 1939-இல் அதன் வேதியியல் அமைப்பைத் தெளிவாக்கினார். இருவருக்கும் 1943-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

டாய்சி குழுவினர் ஒரு வகையைக் குதிரைமசால் தீவனத்திலிருந்தும், இன்னொரு வகையை அழுகிய மீன் தூளிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். முதலாவது தாவரங்களில் இருக்கும் கே1. இரண்டாவது நுண்ணுயிர்கள் உருவாக்கும் கே2. இன்றும் இந்தப் பிரிவினையே வழக்கில் இருக்கிறது. கே2 என்பது ஒரே பொருள் அன்று. பக்கச் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து எம்கே-4, எம்கே-7 என்று பல வடிவங்கள் அதில் அடங்கும்.

உடலுக்குள் அது செய்யும் வேலை என்ன?

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் கல்லீரலில் உருவாகின்றன. அவற்றுள் 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட நான்கு காரணிகள், உருவானவுடனேயே வேலைக்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை. அவற்றில் உள்ள குளூட்டாமிக் அமிலக் கண்ணிகள் சிலவற்றில் ஒரு கார்பாக்சில் தொகுதி கூடுதலாக இணைய வேண்டும். அப்படி இணைந்தால்தான் அந்தப் புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். கால்சியத்தைப் பற்றிக்கொண்டால்தான் காயம்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு உறைதலைத் தொடங்கி வைக்கும். இந்த இணைப்பை நடத்தும் நொதிக்கு உடனிருந்து உதவுவது வைட்டமின் கே. அது இல்லாவிட்டாலும் கல்லீரல் புரதத்தைத் தயாரித்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பிடிப்பில்லாத அந்தப் புரதம் ரத்தத்தில் வெறுமனே சுற்றி வரும்.

ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைந்துவிடாமல் காக்கும் புரதம் சி, புரதம் எஸ் ஆகிய இரண்டுக்கும் இதே வைட்டமின்தான் தேவை. ஆகவே இதை ‘ரத்தத்தைக் கட்டியாக்கும் சத்து’ என்று மட்டும் புரிந்துகொள்வது பாதி உண்மையே. முடுக்கு, தடுப்பு இரண்டுமே இதை நம்பியிருக்கின்றன. அதனால்தான் உடல்நலத்துடன் இருக்கும் ஒருவர் கீரையை நிறையச் சாப்பிட்டாலும் அவருடைய ரத்தம் இயல்பைவிடக் கூடுதலாக உறைவதில்லை.

கல்லீரலுக்கு வெளியேயும் இதற்கு வேலை உண்டு. எலும்பில் இருக்கும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதமும், ரத்தக்குழாய்ச் சுவர்களில் கால்சியம் படியாமல் காக்கும் மேட்ரிக்ஸ் கிளா புரதமும் இதே முறையில்தான் செயல்படத் தொடங்குகின்றன. இந்த இரண்டாவது புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகள், பெருந்தமனிகள் சுண்ணாம்பாக இறுகி வெடித்ததால் இரண்டே மாதங்களில் இறந்துபோயின என்ற 1997-ஆம் ஆண்டு ஆய்வு, ரத்தம் உறைவதோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டுவந்த இந்த வைட்டமினை இதயநோய் ஆய்வுக்குள்ளும் கொண்டுவந்தது.

ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே வீணாவதில்லை. இன்னொரு நொதி அதைப் பழைய நிலைக்குத் திருப்பி மறுபடியும் வேலைக்கு அனுப்புகிறது. உடலில் இதன் சேமிப்பு மிகக் குறைவாக இருந்தும் நாம் சமாளிப்பது இந்த மறுசுழற்சியால்தான். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை பற்றிப் பேசும்போது இந்த இடத்துக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? எதில் கிடைக்கும்?

அமெரிக்க வழிகாட்டுதல் ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம், பெண்களுக்கு 90 மைக்ரோகிராம் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து வகுத்த அளவு முறையே 65, 55. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் பெரியவர்களுக்கு 70 என்றது. துல்லியமான தேவையை அளந்து சொல்லும் சான்று போதாமல், நலமாக இருப்பவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே இவை கணிக்கப்பட்டன. எண்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதை எட்டுவது நமக்குக் கடினம் இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைத் தண்டுக்கீரை இலையில் சுமார் 1,140 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மேல்நாட்டார் பெருமையாகப் பேசும் ஸ்பினாச்சில் இருப்பது 483. கொத்தமல்லித் தழையில் 310, முட்டைக்கோஸில் 76, வெண்டைக்காயில் 31. ஒரு கைப்பிடி முளைக்கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டவருக்கு, அன்றைய தேவையைப்போல் சில மடங்கு கிடைத்துவிட்டது.

அரிசியிலும் பாலிலும் வாழைப்பழத்திலும் இது இல்லை என்றே சொல்லிவிடலாம். எண்ணெய்களில் சோயா எண்ணெயில் குறிப்பிடத்தக்க அளவு உண்டு, 100 கிராமுக்கு 184 மைக்ரோகிராம். நல்லெண்ணெயில் சுமார் 14. கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் ஒன்றுக்கும் கீழே. எனவே காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று கீரையே தொடாமல் பல நாள்கள் கழிப்பவரின் உணவில் இது உண்மையிலேயே குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீரையில் உள்ள கே1, இலையின் பச்சையத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால், அதில் சிறு பங்கையே குடல் உறிஞ்சுகிறது. கொழுப்போடு சேரும்போது அந்தப் பங்கு கூடுகிறது. கீரைக்கு எண்ணெய் விட்டுத் தாளிப்பதையும், தேங்காய் அரைத்துச் சேர்ப்பதையும் ருசிக்கான செலவு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்; கொழுப்பில் கரையும் சத்துக்கு அதுவே வண்டி.

சமைத்தால் அழிந்துவிடுமா?

அழியாது. வெப்பத்தைத் தாங்கும், தண்ணீரில் கரையாததால் வேகவைத்த நீரோடும் போகாது. வெளிச்சம்தான் இதற்கு ஆகாது. ஒளி ஊடுருவும் புட்டியில் வெயில்படும்படி வைத்த எண்ணெயில் இருக்கும் வைட்டமின் கே நாளடைவில் குறைந்துவிடும்.

குடலில் வாழும் நுண்ணுயிர்களே இதைத் தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன என்கிறார்களே?

தயாரிக்கின்றன, ஆனால் பெருங்குடலில். கொழுப்பில் கரையும் சத்தை உறிஞ்சத் தேவையான பித்தநீர் அங்கே மிகக் குறைவு. எனவே அந்த உற்பத்தியில் எவ்வளவு நம் ரத்தத்தை வந்தடைகிறது என்பது இன்னமும் விவாதத்தில் இருக்கிறது. உணவில் இல்லாததை ஈடுகட்ட அது போதாது என்பதே பெரும்பாலோர் கருத்து.

கே2 உணவாகவே மிகுதியாகக் கிடைப்பது ஜப்பானியரின் நாட்டோவில். வேகவைத்த சோயாவைப் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நுண்ணுயிரால் புளிக்கவைத்துச் செய்யும் அந்தப் பிசுபிசுப்பான உணவில், 100 கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் அளவுக்கு எம்கே-7 இருக்கும். ‘நம் இட்லி மாவும் புளித்ததுதானே’ என்ற கேள்வி இங்கே எழும். இட்லி மாவைப் புளிக்கவைப்பவை முதன்மையாக லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். பிறகு அது ஒரே இரவில் புளித்து மறுநாளே வெந்துவிடுகிறது. நாட்டோவோடு ஒப்பிடும் அளவை அதில் எதிர்பார்க்க முடியாது. இட்லியைச் சாப்பிடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. முட்டையின் மஞ்சள் கரு, கோழி இறைச்சி ஆகியவற்றில் எம்கே-4 ஓரளவு கிடைக்கும்.

சிறுநீரக நோயாளியிடம் ‘கே’ குறைவாகச் சாப்பிடச் சொன்னார்கள். அது இந்த வைட்டமினா?

இல்லை. பரிசோதனைத் தாளில் தனி எழுத்தாக ‘கே’ என்று இருந்தால் அது பொட்டாசியம் என்னும் தாது உப்பின் குறியீடு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் நிறைய இருப்பது அதுதான். வைட்டமின் கே அவற்றில் கிட்டத்தட்ட இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு உணவை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதைத் தனிக் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

குழந்தை பிறந்தவுடன் தொடையில் ஒரு ஊசி போடுகிறார்களே, அது எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால், இதைப் படிக்கும்படியே கேட்டுக்கொள்வேன்.

வைட்டமின் கே நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. பிறக்கும் குழந்தையின் கல்லீரலில் சேமிப்பு இல்லை; குடலில் நுண்ணுயிர்களும் இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பாலில் லிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கிறது. தாய்ப்பாலைப் போன்ற உணவு குழந்தைக்கு வேறில்லை என்பதில் ஐயமே கிடையாது. ஆனால் இந்த ஒரு சத்தை மட்டும் அது போதிய அளவு தருவதில்லை. இந்த நிலையில் சில குழந்தைகளுக்குக் காரணமின்றி ரத்தம் கசியத் தொடங்கும்.

அது மூன்று காலங்களில் வரலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருவது, பெரும்பாலும் தாய் வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ சில மருந்துகளைச் சாப்பிட்டு வந்திருந்தால் நேர்வது. இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருவதில் தொப்புள், மூக்கு, குடல் ஆகியவற்றிலிருந்து ரத்தம் வரும். தடுப்பு ஊசி போடாத குழந்தைகளில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர் முதல் பதினேழு பேர் வரை இதற்கு ஆளாகக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாவது வகை இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான காலத்தில், தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு, முன்னறிவிப்பின்றி வருவது. எண்ணிக்கையில் இது அரிது. ஊசி போடாத ஒரு லட்சம் குழந்தைகளில் நான்கு முதல் ஏழு பேர். ஆனால் இப்படி வருபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தம் கசிவது மூளைக்குள். பிழைத்தாலும் வாழ்நாள் முழுவதற்குமான பாதிப்பு எஞ்சிவிடலாம்.

இவற்றில் பின்னிரண்டு வகைகளையும் தடுப்பதற்கு ஒரு மில்லிகிராம் மருந்து, ஒரே ஒரு முறை, தொடைத் தசையில் போதும். ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு அரை மில்லிகிராம். இந்திய சுகாதாரத் துறையின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போடச் சொல்கிறது. வீட்டிலோ வழியிலோ பிரசவம் ஆகிவிட்ட குழந்தைக்கும், பிறந்தவுடன் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட குழந்தைக்கும் இது விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். தாய்சேய் நல அட்டையிலோ டிஸ்சார்ஜ் தாளிலோ இந்த ஊசி பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சில மாதக் குழந்தைக்குத் தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலும், அடிபடாமலே தோலில் கன்றிய தடங்கள் தெரிந்தாலும், உச்சிக்குழி புடைத்து, உடல் வெளுத்து, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் அதைத் தோஷம் என்றோ செரியாமை என்றோ வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குழந்தையின் மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்து, மலம் வெளிறிய நிறத்தில் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த ரத்தக்கசிவின் ஆபத்து கூடுதல்.

தாய் நன்றாகக் கீரை சாப்பிட்டால் பாலில் கூடாதா? ஊசிக்குப் பதில் சொட்டுமருந்து கொடுக்கலாமா? ஊசியால் புற்றுநோய் வரும் என்று படித்தேன்.

வழக்கமான உணவில் கீரையைக் கூட்டுவதால் தாய்ப்பாலில் உள்ள அளவு குழந்தையைக் காக்கும் அளவுக்கு உயர்வதில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்குக் கீரை நல்லது, ஆனால் அது தாய்க்காகவே.

வாய்வழி மருந்தைச் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். அதை ஒருமுறை கொடுத்தால் போதாது. வாரங்கள் கடந்தும் பல தவணைகள் தவறாமல் கொடுக்க வேண்டும், அப்போதும் பித்தநாளக் கோளாறு உள்ள குழந்தைக்கு அது சரியாக உறிஞ்சப்படாது. அந்தக் கோளாறு இருப்பது முதல் வாரங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதே சிக்கல்.

புற்றுநோய் அச்சம் 1990-இலும் 1992-இலும் பிரிட்டனில் வெளியான இரண்டு ஆய்வுகளிலிருந்து கிளம்பியது. ஊசி போட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக வருவதாக அவை ஐயுற்றன. அந்த ஐயம் நியாயமானது என்பதால்தான் பல நாடுகளில் மிகப் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகளைக் கொண்டு அதைச் சரிபார்த்தார்கள். தொடர்பு ஏதும் உறுதிப்படவில்லை. ஐயம் மட்டும் இணையத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைத் தீர்த்து வைத்த ஆய்வுகள் அந்த அளவுக்குப் பரவவில்லை.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் இந்த வைட்டமினுக்கும் என்ன தொடர்பு?

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் கொம்பு தீய்த்தல் போன்ற சிறு காயத்தில்கூட ரத்தம் நிற்காமல் இறந்துபோயின. ஈரத்தில் பூசணம் பிடித்த தீவனமே காரணம் என்று பிராங்க் ஸ்கோபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். 1933-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பாத்திரத்தையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் குழுவினர் ஆறு ஆண்டுகள் உழைத்து, குற்றவாளியான டைகூமராலைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954-இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டது.

மேலே சொன்ன மறுசுழற்சி நொதியைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. பயன்பட்ட வைட்டமின் கே பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் போவதால், உறையவைக்கும் காரணிகள் பிடிப்பில்லாமல் பிறக்கின்றன. நம் ஊரில் அதே வகையைச் சேர்ந்த அசினோகூமரால் மாத்திரையும் பரவலாக எழுதப்படுகிறது. நிக்கூமலோன் என்பதும் அதற்கே மற்றொரு பெயர். பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது.

இந்த மாத்திரை சாப்பிடுபவர் கீரையை அடியோடு நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனென்றால் ‘பச்சையாக எதையும் தொடாதே’ என்று யாரோ சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி, வால்வு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் பல ஆண்டுகளாகக் கீரையே இல்லாமல் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு போன்ற உலோக வால்வைப் பொருத்திக்கொண்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களில் பலர் முப்பது நாற்பது வயதுக்காரர்கள்; வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை எண்ணைக் கொண்டு மருத்துவர் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கிறார். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். பலருக்கு 2 முதல் 3 வரையும், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி உறைந்து பக்கவாதம் வரலாம், கூடினால் ரத்தக்கசிவு.

மருத்துவர் தீர்மானித்த மாத்திரை அளவு, நீங்கள் உண்ணும் கீரைக்கும் சாப்பிடும் மாத்திரைக்கும் இடையில் ஒரு சமநிலை ஏற்பட்டிருக்கும்போது எடுத்தது. வாரத்துக்கு மூன்று நாள் கீரை சாப்பிடும் ஒருவருக்கு அந்தப் பழக்கத்தோடே மாத்திரையின் அளவை அமைத்துவிட முடியும். சிக்கல் ஏற்றத்தாழ்வில்தான். மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை உண்பது, உடம்பு இளைக்க வேண்டும் என்று திடீரென்று காலையில் கீரைச்சாறு குடிக்கத் தொடங்குவது, ஏகாதசிக்குப் பட்டினி கிடந்து துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையை நிறைய உண்பது, இவை எல்லாம் ஐ.என்.ஆர். எண்ணை ஆட்டிப்பார்க்கக்கூடியவை. கொத்தமல்லித் துவையலையும் புதினாச் சட்டினியையும் பலர் கீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 50 கிராம் கொத்தமல்லித் தழை அரைத்த துவையலில் ஒரு நாள் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

உணவில் வைட்டமின் கே மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு, எண் நிலையாக நிற்பது கடினம் என்பதும் அறியப்பட்ட ஒன்று. கையிருப்பே இல்லாத இடத்தில் ஒரு நாள் சாப்பிட்ட கூட்டு பெரிய மாற்றமாகத் தெரியும். ஆகவே கீரையை முற்றிலும் விலக்கியிருப்பவர் மீண்டும் தொடங்க விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சிறிய அளவில், ஒழுங்கான இடைவெளியில் தொடங்கி, அந்த வாரங்களில் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சற்று நெருக்கமாகச் செய்துகொள்ளலாம்.

எதிர்த்திசை ஆபத்தும் மறக்கக் கூடாதது. காய்ச்சலில் விழுந்து நான்கைந்து நாள் கஞ்சி மட்டும் குடித்தாலோ, வயிற்றுப்போக்கால் எதுவும் தங்காமல் போனாலோ, மாத்திரை அதே அளவில் தொடரும்போது எண் ஏறிவிடும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், வழக்கத்துக்கு மாறான கடும் தலைவலி, தலையில் அடி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவைத் தவிர வேறு எவை இந்த ஐ.என்.ஆர். எண்ணை மாற்றும்?

மருந்துகள், உணவைவிடக் கூடுதலாகவே மாற்றும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃபுளூகனசோல் போன்ற நுண்ணுயிர், பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் எண்ணை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கும். மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைகுளோஃபினாக், எண்ணை மாற்றாவிட்டாலும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பல் மருத்துவரோ தெருமுனை மருத்துவரோ, யாரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து லேகியங்களும் சூரணங்களும் இதற்கு விலக்கல்ல. சமையலில் போடும் மஞ்சளும் பூண்டும் பிரச்சினை இல்லை. அவற்றையே மாத்திரையாகச் செறிவூட்டி விற்பதைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவின் முதல் மூன்று மாதங்களில் வார்ஃபரின் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். அதற்காகத் தாமாக மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துத் தாயின் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே வழி உண்டு, அதை மருத்துவர்தான் வகுக்க வேண்டும்.

கீரைக் கட்டுப்பாடே இல்லாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றனவாமே?

டாபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகியவை வைட்டமின் கே வழியைத் தொடாமல் உறைதல் காரணியையே நேரடியாகத் தடுப்பவை. உணவுக் கவலை இல்லை, ஐ.என்.ஆர். பார்க்கவும் தேவையில்லை. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல. முயன்று பார்த்த ஆய்வுகளை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, இதயத்துடிப்பும் சீர்கெட்டவர்களுக்கு வார்ஃபரின் வகையே மேல் என்று, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் நோயாளிகள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்தி 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாற்றிக் கொடுத்தார்கள் என்பது உங்களுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

பெரியவர்களில் யாருக்குக் குறைபாடு வரும்?

உணவுக் குறைவால் மட்டும் வருவது அரிது. பித்தநாளம் கல்லாலோ கட்டியாலோ அடைபட்டவர்கள், குடலின் பெரும்பகுதியை அறுவையில் இழந்தவர்கள், நாள்பட்ட கணைய நோயாளிகள், கொழுப்பு உறிஞ்சப்படாமல் தடுக்கும் எடைக்குறைப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு வரலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் உணவே இல்லாமல், செஃபோபெரசோன் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளில் நாள்கணக்கில் இருப்பவருக்கும் வரும். கல்லீரல் சுருங்கிப்போனவருக்கு வரும் ரத்தக்கசிவு வேறு வகை. அங்கே காரணிகளைத் தயாரிக்கும் பட்டறையே பழுதாகிவிட்டதால் வைட்டமின் கே ஊசி ஓரளவுக்கு மேல் பயன் தராது.

எலி மருந்தைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வைட்டமின் கே கொடுத்தால் போதுமா?

எந்த எலி மருந்து என்பதைப் பொறுத்தது, எனவே உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். புரோமேடியோலோன் கலந்த கட்டிகள் வார்ஃபரின் வழியில் வேலை செய்பவை, ஆனால் உடலில் வாரக்கணக்கில் தங்குபவை; அவற்றுக்கு வைட்டமின் கே முறிவு மருந்து, அதையும் பல வாரங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை அப்படியல்ல. அது கல்லீரலையே அழிப்பது. அதற்கு வைட்டமின் கே முறிவாகாது. முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து பிறகு மோசமாகும் என்பதால், ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

எலும்புக்கும் இதயத்துக்கும் கே2 மாத்திரை சாப்பிடலாமா?

விளம்பரம் சான்றை முந்திக்கொண்டு ஓடும் இடம் இது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பல ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், உணவில் கே2 அதிகம் உண்டவர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அது உண்மை. ஆனால் அப்படி உண்டவர்கள் வேறு வகையிலும் மாறுபட்டிருக்கலாம். மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தபோது படம் மாறியது. டென்மார்க்கில் பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்த 365 ஆண்களுக்கு, தினம் 720 மைக்ரோகிராம் எம்கே-7, வைட்டமின் டி ஆகியவற்றை ஒரு பகுதியினருக்கும், வெற்று மாத்திரையை மற்றவர்களுக்கும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள்; கால்சியம் படியும் வேகம் குறையவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது.

எலும்பைப் பொறுத்தவரை, ஜப்பானில் எம்கே-4 நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் என்ற அளவில் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தாகவே எழுதப்படுகிறது. கவனியுங்கள், அது மில்லிகிராம். உணவில் கிடைப்பதைப்போல் பல நூறு மடங்கு. கனடாவில் மாதவிடாய் நின்ற 440 பெண்களுக்குக் கே1 கொடுத்துப் பார்த்ததில் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. ஆக, இன்றைய நிலையில் நலமாக இருப்பவர் காசு கொடுத்து இதை வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. வார்ஃபரின் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எம்கே-7 ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதால், சிறு அளவுகூட மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். ‘எலும்புக்கான கால்சியம்’ என்று விற்கப்படும் பல மாத்திரைகளில் இது கலந்திருக்கிறது; அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

அளவுக்கு மீறினால் நஞ்சாகுமா?

உணவில் கிடைக்கும் கே1, கே2 இரண்டுக்கும் நச்சு அளவு என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. செயற்கை வடிவமான கே3 வேறு. ஒரு காலத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட அது, சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை முற்றவைத்ததால் கைவிடப்பட்டது. இன்று அதைப் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்தில்தான் சேர்க்கிறார்கள்.

என் உடலில் வைட்டமின் கே போதுமா என்று பரிசோதித்துப் பார்க்கலாமா?

ரத்தத்தில் உள்ள அளவை நேரடியாக அளக்கும் சோதனை இருக்கிறது, ஆனால் அது முந்தைய நாள் சாப்பிட்டதையே பெரிதும் காட்டும் என்பதால் மருத்துவர்கள் அதைக் கேட்பதில்லை. புரோத்ராம்பின் நேரம் என்ற சாதாரணச் சோதனையே வழக்கம். காரணி 7 சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுவதால், குறைபாடு வந்தால் முதலில் நீளுவது அந்த நேரம்தான். வைட்டமின் கே ஊசி போட்டு, ஒரு நாளுக்குள் அந்த நேரம் சரியாகிவிட்டால் குறை வைட்டமினில் இருந்தது என்று பொருள். சரியாகாவிட்டால் கல்லீரலைப் பார்க்க வேண்டும்.